குதிரை நடை

மாசி மகத்தன்று அண்ணாமலையார் கோயிலை விட்டுக் கிளம்பி பள்ளிகொண்டாபட்டு போவார். அங்கே கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுப்பார். அதற்கு ஒரு மாதம் முன்னால், தைப்பூசத் தீர்த்தவாரி முடிந்து திரும்புகிற வழியில்தான் ராஜா இறந்துபோன செய்தி சாமிக்கு வந்து சேரும். கேட்டதும் மேளம் நின்றுவிடும். சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை. நானே உனக்குப் பிள்ளையாக இருக்கிறேன் என்று சாமி வாக்குக் கொடுத்ததாக எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் சொல்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு புராணக்கதை. எங்கள் ஊரில் இது வருஷா வருஷம் நடக்கிற காரியம்.

போன மாசி மகத்துக்கு பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்து, அப்பாவோடு ஆற்றங்கரைக் கூட்டத்தில் நின்றிருந்தேன். பெரியப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவருக்கும் பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தவர் என் அப்பா, பதினோரு வருஷம் அண்ணனோடு பேசாமல் இருந்த தம்பி. அன்றைக்கு ஆற்றங்கரையில் அப்பா சொன்னார்: "ராஜான்னா சாமியே வருது. லாரிக்காரனுக்கு யாரு வருவா?" அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது தைத்தது. இந்தக் கட்டுரை அங்கிருந்து தொடங்கியது.

பெரியப்பா லாரி டிரைவர். அதைவிட, ஊரில் அவரைக் குதிரைக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். தாத்தா ஜட்கா ஓட்டியவர். ரயிலடியில் இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் சத்திரத்துக்கும் விடுவது தொழில். வீட்டுக்குப் பின்னால் குதிரை, முன்னால் வண்டி, நடுவில் ஏழு பேர். பெரியப்பா கொள்ளு வேகிற வாசனையில் வளர்ந்த பிள்ளை. பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறினார், பிறகு லைசென்ஸ் எடுத்தார். ஆட்டோ பெருகியபோது தாத்தாவின் வண்டி நின்றது, குதிரை விற்கப்பட்டது. அதை வாங்கிப்போனவன் யார், எங்கே கொண்டுபோனான் என்று பெரியப்பா பல வருஷம் விசாரித்துக்கொண்டே இருந்தார் என்று பாட்டி சொல்வாள்.

நான் முதல் வருஷம் இன்ஜினியரிங் படிக்கும்போது அவரிடம் பெருமையாக ஜேம்ஸ் வாட் கணக்கைச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஒரு அடி உயரம் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். நீராவி இயந்திரத்தை விற்பதற்காக, அது எத்தனை குதிரைக்குச் சமம் என்று வாங்குகிறவனுக்குப் புரிய வைக்க வாட் போட்ட கணக்கு.

"அப்படின்னா என் வண்டியில நூறு குதிரைக்கு மேல கீது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணுக்கும் தண்ணி காட்ட வேணாம், தடவிக் குடுக்க வேணாம். அதான் அது குதிரை இல்ல," என்றார்.

அந்த வயதில் எனக்கு இது வெறும் பெரிசுகளின் பேச்சு. பிற்பாடு தமிழ்நாட்டுக் குதிரைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது, திரும்பத் திரும்ப இந்தத் தண்ணி காட்டுகிற விஷயத்திலேயே வந்து நின்றேன்.

தமிழ் மண் குதிரைக்கு ஏற்ற மண் இல்லை. போருக்கான உயர் ரகக் குதிரை கடல் வழியாகவே பெரும்பாலும் இங்கே வந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். பாண்டியர் காலத்தில் வியாபாரம் உச்சத்துக்குப் போனது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்று எழுதுகிறார். வருஷத்துக்கு 10,000 குதிரைகள் வந்த காலமும் உண்டு என்கிறார். கணக்குப் போட்டால் 22 லட்சம் தினார். கோயில்களில் சேர்ந்த பணமும் இதற்குப் போனது என்று அவரே சொல்கிறார்.

இவ்வளவு கொடுத்து வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? 1290களில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ சொல்வது இது: ராஜாக்கள் ஒவ்வொருவரும் வருஷம் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார்கள், வருஷ முடிவில் 100கூட உயிரோடு மிஞ்சுவதில்லை. காரணம், இங்கே யாருக்கும் குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் போடுகிறார்கள். லாடம் அடிக்கத் தெரிந்தவர்களை, வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் இந்தப் பக்கம் வரவே விடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் கப்பல் விட முடியும்! வஸ்ஸாஃபும் ஏறக்குறைய இதையே சொல்கிறார். வறுத்த தானியத்தில் வெண்ணெய் கலந்து கொடுக்கிறார்கள், காய்ச்சிய பசும்பால் குடிக்க வைக்கிறார்கள், 40 நாள் கொட்டிலில் கட்டிப்போட்டுக் கொழுக்கவிட்டு அப்புறம் பயிற்சியே இல்லாமல் ஏறி ஓட்டுகிறார்கள் என்று.

இரண்டு பேரும் வெளியாட்கள். கொஞ்சம் மிகைப்படுத்தியிருப்பார்கள். ஆனால் பெரியப்பாவிடம் இதைப் படித்துக் காட்டியபோது அவர் மிகை என்று நினைக்கவில்லை. கோபப்பட்டார். "வெண்ணெயா? குதிரைக்கு வாந்தி எடுக்க வராதுடா. உள்ள போனது போனதுதான். வயிறு முறுக்கிச்சின்னா உருண்டு உருண்டு சாவும்." குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது உண்மை. அதன் இரைப்பை வாயிலுள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. பெரியப்பா படித்தது எட்டாவது.

எங்கள் ஊரோடு சம்பந்தப்பட்ட பெரிய குதிரைக் கதை மாணிக்கவாசகருடையது. திருவெம்பாவையை அவர் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடிஅண்ணாமலையில் அவருக்குக் கோயில் இருக்கிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை அவர் திருப்பெருந்துறையில் சிவ காரியத்துக்குச் செலவழித்தார். சிவனே குதிரைச் சேவகனாக வந்து, நரிகளைக் குதிரைகளாக்கி ராஜாவிடம் ஒப்படைத்தார். ராத்திரி அவை மறுபடி நரியாகி, கொட்டிலில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின. நாம் இந்தக் கதையை பக்தனுக்கும் ராஜாவுக்கும் நடுவில் நடந்ததாகவே கேட்டிருக்கிறோம். பெரியப்பாவுக்கு இதில் தீராத ஒரு குறை இருந்தது. "எல்லாம் சரி, அந்தப் பழைய குதிரைங்க இன்னாடா பண்ணிச்சு?" என்பார். சாமி கும்பிடுகிறவர்தான். ஆனாலும் கேட்பார்.

தேசிங்கு ராஜா விஷயத்திலும் அப்படித்தான். செஞ்சி எங்களுக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டர். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு சண்டையிட்டுச் செத்த இளைஞன் தேசிங்கு. ஒருத்தராலும் அடக்க முடியாத குதிரையை டெல்லியில் அடக்கினான் என்று கூத்திலும் கதைப்பாட்டிலும் இன்னும் வாழ்கிறான். 1960இல் எம்.ஜி.ஆர் நடித்து 'ராஜா தேசிங்கு' படம் வந்தபோது பெரியப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. டூரிங் டாக்கீஸில் எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. ஒருநாள் கேட்டார்: "சண்டைக்குப் போறதுக்கு முன்னால அந்தக் குதிரையைத் தேச்சிக் குளிப்பாட்டினவன் பேரு இன்னா? நீ இவ்ளோ படிக்கிறியே, எங்கனா போட்டுக்கீதா?"

எங்கேயும் போட்டிருக்கவில்லை.

பெரியப்பாவின் லாரியில் எப்போதும் இருந்த லோடு நெல், மணிலா, சிமெண்டு, செங்கல். குதிரை லோடு வருஷத்தில் சில தடவைதான். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைக்குக் கூடும் குதிரைச் சந்தை. கார்த்திகையில் தீபத்தையொட்டி எங்கள் ஊர் மாட்டுச் சந்தை, அதற்கும் குதிரைகள் வரும். அந்தியூரிலிருந்து பவானி, சேலம், மஞ்சவாடி கணவாய், அரூர், ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை 200 கிலோமீட்டருக்கு மேல். மற்ற டிரைவர்கள் நாலரை மணி நேரத்தில் வந்துவிடுவார்கள். பெரியப்பா சாயங்காலம் கிளம்பினால் விடியற்காலையில்தான் வருவார்.

முதலில் லாரிக்குள் மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்புவார், குளம்பு வழுக்காமல் இருக்க. ஒவ்வொரு குதிரைக்கும் நடுவில் கனமான மூங்கில் கட்டுவார். பக்கப் பலகையில் சாக்கு சுற்றுவார். எல்லாக் குதிரைக்கும் முகம் இடது பக்கம் பார்த்திருக்க வேண்டும். எதிரே வருகிற வண்டியின் ஹெட்லைட் கண்ணில் அடித்தால் மிரளும். ஐந்துக்கு மேல் ஏற்ற மாட்டார், வியாபாரி எவ்வளவு கெஞ்சினாலும். "ஓடுற வண்டில அது சும்மா நிக்கலடா. நாலு காலாலயும் ரோட்டைப் புடிச்சிக்கினு நிக்குது. நீ பிரேக் போட்டா அது உடம்பால பிரேக் போடணும்," என்பார்.

இப்போது நான் லாரிகளைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதுகிற வேலையில் இருக்கிறேன். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம், எத்தனை நிமிஷம் வீண் என்று திரையில் காட்டும். ஒரு வேலைக்காக விலங்குகள் போக்குவரத்து விதிகள், 1978 என்ற சட்ட விதிகளைப் படிக்க நேர்ந்தது. அதில் குதிரை, கழுதை, கோவேறு கழுதைக்கென்று தனிப்பகுதி இருக்கிறது. தரையில் வழுக்காத பொருள் விரிக்க வேண்டும். விலங்குகளுக்கு நடுவே குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில் கட்ட வேண்டும். போகிற வாகனங்களைப் பார்த்து மிரளாதபடி தலை இடது பக்கம் இருக்க வேண்டும். ஒரு வண்டியில் நான்கு முதல் ஆறு குதிரைக்கு மேல் கூடாது. வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

ஆபீஸில் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். பெரியப்பா இப்படி ஒரு விதி இருப்பதைக் கேள்விப்பட்டதே இல்லை. நான் எழுதிய மென்பொருள் அவர் வண்டியை சிவப்பு நிறத்தில் காட்டியிருக்கும். தாமதம், தேவையற்ற நிறுத்தம், குறைந்த வேகம்.

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்கு முன் நடந்தது. அந்தியூரிலிருந்து ஐந்து குதிரை ஏற்ற வேண்டியிருந்தது. அதில் ஒரு பழுப்பு நிறப் பெட்டைக்கு வயிறு சரியில்லை, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, காலால் தரையைப் பறிக்கிறது என்று பெரியப்பா கண்டுவிட்டார். ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்றார். வியாபாரி கேட்கவில்லை. தகராறு முற்றி, கடைசியில் பெரியப்பா ஏற்றினார். வாடகை தேவையாக இருந்தது. மஞ்சவாடி கணவாய் ஏறும்போது அது விழுந்தது. இறக்கி நடக்க வைக்கப் பார்த்தார்கள். விடிவதற்குள் செத்துவிட்டது.

வியாபாரி அதன் வாலை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டான். கூட்டாளியிடம் காட்ட வேண்டும், இல்லையென்றால் வழியில் விற்றுவிட்டதாகச் சொல்வான். "இங்கியே தள்ளிட்டுக் கெளம்பு," என்றான். பெரியப்பா கிளம்பவில்லை. பக்கத்து ஊரில் ஆள் பிடித்துக் குழி வெட்டிப் புதைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அந்தக் கூலி அவர் கையிலிருந்து போனது.

பல வருஷம் கழித்து நூனிஸ் எழுதியதைப் படித்தேன். விஜயநகரத்தில் இருந்த போர்த்துகீசியக் குதிரை வியாபாரி அவர், 1535 வாக்கில் எழுதினார். சாளுவ நரசிம்மன் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை வரவழைத்தான். உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவோ கொடுத்தான். கடலில் செத்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ளதற்குக் கொடுக்கிற அதே பணம். கிருஷ்ணதேவராயர் வருஷத்துக்கு 13,000 குதிரை வாங்கியதாகவும் நூனிஸ் சொல்கிறார். எங்கள் ஊர் 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் அதே கிருஷ்ணதேவராயர். வால் காட்டினால் கணக்கு முடிந்தது என்ற அந்த வரியைப் படித்த ராத்திரி, மஞ்சவாடியில் குழி பக்கத்தில் நின்ற பெரியப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்நூறு வருஷமாக ரசீது மாறவில்லை.

அந்தப் பெட்டைக்குப் பிறகுதான் அவர் போக்கு மாறியது என்பது என் பாட்டியின் கணக்கு. ஜட்காவெல்லாம் ஒழிந்து, நொண்டியும் கிழமும் ஆன மட்டக் குதிரைகள் தெருவில் குப்பை மேய்ந்துகொண்டிருந்த காலம். அதில் ஒன்றை வீட்டுக்கு ஓட்டி வந்தார். அது செத்ததும் இன்னொன்று. லாரியில் அவருக்கிருந்த பாதிப் பங்கு தீவனத்திலும் மருந்திலும் கரைந்தது. மறுபடி சம்பள டிரைவரானார். எங்கள் அத்தையின் கல்யாணத்துக்கு அவர் பங்காக ஒன்றும் கொடுக்க முடியாமல் போனபோது அப்பா அவரோடு பேசுவதை நிறுத்தினார்.

பேசாமல் இருந்தாலும் பெரியம்மா குழம்பு கொடுத்தனுப்புவாள், நான் போய் வருவேன். 2005இல் எனக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. பணம் இல்லை. "தம்பி புள்ளை படிப்புக்குக் காசு இல்ல, குதிரைக்குக் கொள்ளு வாங்க இருக்குது," என்று அப்பா வீட்டுக்குள் கத்தினார். நான் அதை அப்படியே போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். பதினேழு வயது. சொன்னேன்.

அவர் குதிரையின் முதுகைச் சாக்கால் தேய்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "உனக்கு பேங்கு கீதுடா. வாய் கீது, கேப்ப. இதுக்கு யாரு கீறா?" என்றார்.

பேங்கில் கடன் வாங்கித்தான் படித்தேன். கடன் அடையும்வரை அந்தப் பதில் எனக்குள் கசந்துகொண்டே இருந்தது. ஊருக்கு வந்தால் அவரைப் பார்க்காமல் திரும்பிய நாட்கள் உண்டு. இப்போது யோசித்தால், அவர் தப்பே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். அத்தை கல்யாணத்தில் பாட்டி அடகு வைத்த தோடு திரும்பவே இல்லை. பெரியம்மா கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தாள். நல்ல மனசுக்காரன் ஒருத்தன் வீட்டில் இருந்தால் அந்த நல்ல மனசுக்கு வீட்டில் இருக்கிற மற்றவர்களும் சேர்ந்துதான் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

அப்பாவும் அவரும் பேசிக்கொண்டது கடைசிக் குதிரை செத்த அன்று. ஆள் வைத்துக் குழி வெட்டப் பெரியப்பாவிடம் காசில்லை. நாங்கள் யாரும் சொல்லாமலே அப்பா கடப்பாரையோடு போய் நின்றார். இரண்டு பேரும் வெட்டினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்து அப்பா, "அண்ணனுக்கு மூச்சு வாங்குது, டாக்டர்கிட்ட கூட்டிப் போவணும்," என்றார்.

அவர் இறந்த பிறகு தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு லாடம், பழைய லைசென்ஸ், ஒரு நீள நோட்டு. லாரிக்காரர்கள் நடைக்கணக்கு எழுதுகிற நோட்டு: தேதி, லோடு, டீசல், பேட்டா. நெல், சிமெண்டு நடைகளுக்கு ஒரு வரிதான். குதிரை நடை என்றால் மட்டும் வரிகள் நீள்கின்றன. "சேலம் தாண்டி தண்ணி. கருப்பு குடிக்கல." "அரூர்ல அரை மணி நிறுத்தினது. வெள்ளைக்கு கால் நடுக்கம்." "செங்கம். எல்லாம் குடிச்சிது." எழுத்துப்பிழைகளோடு, பேனா மாறி மாறி. மொத்தம் 63 குதிரை நடைகள். உட்கார்ந்து எண்ணினேன்.

வஸ்ஸாஃப் விலை எழுதினார், போலோ எண்ணிக்கை எழுதினார், நூனிஸ் வாலைப் பற்றி எழுதினார். அத்தனை ஆயிரம் குதிரைகளில் எது எந்த ஊரில் தண்ணி குடிக்க மறுத்தது என்று எழுதிய ஆள் யாராவது இருந்திருப்பான். கப்பலிலோ கொட்டிலிலோ எவனோ ஒருவன் ராத்திரி முழித்திருந்து பார்த்திருப்பான். அவன் எழுதத் தெரியாதவனாக இருந்திருக்கலாம், அல்லது அவன் எழுதியதை யாரும் பத்திரப்படுத்தவில்லை.

வல்லாளன் கதைக்குத் திரும்புகிறேன். புராணத்தில் அவன் சாமிக்கே தகப்பன். வரலாற்றில் அவன் ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன், திருவண்ணாமலையில் இருந்துகொண்டு மதுரை சுல்தான்களோடு கடைசிவரை போரிட்டவன். 1342இல் நடந்த அவனுடைய முடிவை இபின் பதூதா எழுதியிருக்கிறார். கண்ணனூர் முற்றுகையின்போது, மதிய நேரத்தில், குதிரைகளை மேய்ச்சலுக்கு விட்டிருந்த சமயத்தில் சுல்தான் படை பாய்ந்தது. எண்பது வயதுக் கிழவர் பிடிபட்டார். விட்டுவிடுவதாகச் சொல்லிச் செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் வாங்கிக்கொண்டு, பிறகு கொன்றார்கள். இதைச் சொன்னபோது பெரியப்பா ராஜாவுக்காக 'ப்ச்' கொட்டினார். அப்புறம் "மத்தியான நேரத்துல குதிரையை மேய விட்டது தப்பில்லடா. அதுக்கும் பசிக்கும் இல்ல?" என்றார்.

போன மாசி மகத்தன்று திதி முடிந்து கூட்டம் கலைந்தது. அப்பாவும் நானும் ஆற்றில் இறங்கி, ஐயரை வைத்துக்கொள்ளாமல், எங்களுக்குத் தெரிந்த மாதிரி எள்ளும் தண்ணியும் இறைத்தோம். அப்பா அவர் பெயரைச் சொன்னார், தாத்தா பெயரைச் சொன்னார். நான் நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். பதினேழு வயதில் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்பு கேட்டதில்லை. அங்கேயும் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மஞ்சவாடி நடையின் பக்கத்தை எடுத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வாடகைக் கணக்குக்குக் கீழே இரண்டு வரி:

"பழுப்பு மஞ்சவாடில செத்துது. காலைல இருந்தே அதுக்கு முடியல, நான் ஏத்தி இருக்கக் கூடாது."